குட்டி கீபோர்டு போனை வாங்கி ஜாவாவை வேலை வாங்குவது எப்படி

பழைய நோக்கியா இ63 ஒன்றைக் கடைக்காரர் எடுத்து நீட்டினால், அநேகம் பேர் உடனே ஆன் பண்ணித் திரையைப் பார்ப்பார்கள். அது அப்புறம். போன் அணைந்திருக்கும்போதே கியூவில் ஆரம்பித்து எம் வரைக்கும் ஒவ்வொரு பட்டனையும் அழுத்துங்கள். நடுவில் மட்டும் போதாது, நாலு மூலையிலும் அழுத்த வேண்டும். நல்ல பட்டன் எங்கே அழுத்தினாலும் "டிக்" என்று ஒரே மாதிரி விழும். "சொத்" என்று அமுங்கினால் உள்ளே இருக்கும் உலோகக் குமிழ் விரிசல் விட்டிருக்கிறது. திரையும் பேட்டரியும் இன்னும் எங்காவது மாற்றக் கிடைக்கும். கீபேட் சரியில்லாத கீபோர்டு போனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் 2006லிருந்து சில வருஷம் கிண்டிப் பக்கம் மொபைல் கேம் போர்ட்டிங் வேலை பார்த்தவன். வெளிநாட்டிலிருந்து ஒரு கேம் வரும். அதை நோக்கியா, மோட்டோரோலா, சோனி எரிக்சன், சாம்சங் என்று மாடல் மாடலாகத் தனித்தனி ஜார் கோப்பாக்கி, அதாவது ஜாவா மொழியில் எழுதிப் போனில் நிறுவும் நிரலாக்கி, கொடுக்க வேண்டும். இப்போது பாரிமுனையில் மாமனாரின் ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். குடோனில் சரக்குக் கணக்கு எடுப்பது இன்றைக்கும் ஒரு இ63-இல்தான். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, கிரீஸ் ஒட்டிய கட்டைவிரலால், "கீல் மூணு இன்ச், நாற்பது பெட்டி" என்று திரையைப் பார்க்காமலே அடிக்க டச் போனில் வழியில்லை. இந்தக் கட்டுரை அந்த மாதிரி ஒரு வேலைக்காக இதை வாங்குகிறவர்களுக்கு. அலமாரியில் அழகு பார்ப்பதற்கு என்றால் எதை வாங்கினாலும் சரிதான்.

எதை வாங்குவது

ஜாவா ஓடும் கையடக்கக் கணினிகளில் கீபோர்டு என்று பார்த்தால், 1999இல் வந்த சையான் சீரிஸ் 5எம்எக்ஸ்-ஐ இன்றுவரை எதுவும் மிஞ்சவில்லை என்பேன். மூடியைத் திறந்தால் கீபோர்டு முன்னால் சறுக்கி வரும், பத்து விரலாலும் தட்டலாம், இரண்டு பென்சில் செல்லில் ஓடும். ஆனால் 36 மெகாஹெர்ட்ஸ் சிப், பழைய ஜாவா 1.1.4, போதாததற்குத் திரைக்குப் போகும் ரிப்பன் கேபிள் அறுந்துபோவது அதன் பரம்பரை வியாதி. 2002இல் வந்த ஷார்ப் ஸௌரஸ் எஸ்எல்-5500-இல் அடிப்பக்கத்தை இழுத்தால் குட்டிக் கீபோர்டு எட்டிப்பார்க்கும். லினக்ஸ், கூடவே ஜீயோட் என்ற ஜாவா. ஆசையாகத்தான் இருக்கும். சென்னையில் இரண்டையும் தேடி அலைய வேண்டாம், அகப்பட்டாலும் உதிரி பாகம் கிடைக்காது.

பிளாக்பெரியின் பட்டன்கள் கட்டைவிரலுக்கென்றே செதுக்கியவை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் எழுதிய ஜாவா நிரலை அதன் சொந்த வடிவமான காட் கோப்பாக மாற்றி, கேபிள் போட்டு ஏற்றுவதுதான் அதில் நம்பகமான வழி. அந்தப் பழைய போன்களுக்கான சேவைகளையும் நிறுவனம் 2022 ஜனவரி 4ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. கேபிளும் கையுமாக உட்காரப் பொறுமை உள்ளவர்கள் வாங்கலாம்.

மிச்சமிருப்பது நோக்கியா. இதில் இரண்டு ஜாதி. சி3, எக்ஸ்2-01, ஆஷா 200 எல்லாம் எஸ்40 என்ற எளிய மென்பொருளில் ஓடும் வகை. மலிவு, லேசு. ஆனால் ஜாவா நிரலை விட்டு வெளியே வந்தால் அது மூடிக்கொள்ளும், பின்னணியில் ஓடாது. கணக்கு அடிக்கும் நடுவில் போன் வந்தால் எரிச்சலாக இருக்கும். இ61, இ63, இ71, இ72 எல்லாம் எஸ்60 என்ற இன்னொரு மென்பொருளில் ஓடும் வகை. ஜாவா நிரலை ஓடவிட்டே வேறு வேலை பார்க்கலாம். என் ஓட்டு 2008இல் வந்த இ63-க்கு. அதே வருஷத்து இ71 உலோக உடம்போடு கம்பீரமாக இருக்கும், ஆனால் பட்டன்கள் குறுகல். இ63 பிளாஸ்டிக்தான், ஆனால் பெரிய விரலுக்கு இடம் கொடுக்கும். சாதாரண 3.5 மில்லிமீட்டர் இயர்போன் துளை உண்டு. ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் டார்ச் எரியும். எங்கள் குடோனில் கரன்ட் போகும்போதெல்லாம் அதுதான் வெளிச்சம்.

சிப் வேகத்தையும் நினைவகத்தையும் கேட்டுக் கடைக்காரரைத் துளைக்காதீர்கள். இந்தப் போன்களின் ஜாவாவுக்கு அடித்தளமான சி.எல்.டி.சி 1.1 கேட்கும் குறைந்தபட்ச நினைவகமே 192 கிலோபைட்தான். மெகாபைட் கணக்கில் நினைவகம் உள்ள போனில் சரக்குப் பட்டியல் ஓடாமல் போகாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில்

அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் கண்ணில் படுவது புதுச் சரக்குக் கடைகள். நமக்கு வேண்டியது பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும், மாடிப்படிக்கு அடியில் சர்வீஸ் டேபிள் போட்டிருக்கும் ஆட்களிடமும் இருக்கும். வார நாளில் மத்தியானத்துக்கு முன்னால் போனால் நிதானமாகப் பார்க்க விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் அடைப்பு. பர்மா பஜாரிலும் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் நின்று நிதானமாக இருபத்தாறு பட்டனை அழுத்திப் பார்க்க அங்கே இடம் கொடுக்க மாட்டார்கள்.

"சார், இதெல்லாம் இப்ப யாரு சார் கேக்கறா? ஆன் ஆகுது, எடுத்துட்டுப் போங்க."

"ஆன் ஆகறது இருக்கட்டும் தம்பி. கீபேட் ஒரு ரெண்டு நிமிஷம் பாத்துக்கறேன்."

இந்த இரண்டு நிமிஷத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆன் பண்ணியதும் முகப்பில் *#06# அடியுங்கள். ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ வரும், கூடவே நாலு பட்டன் சோதித்த மாதிரியும் ஆயிற்று. பேட்டரியைக் கழற்றி, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அதே எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் போர்டு மாற்றிய போன். உங்கள் சொந்தப் போனிலிருந்து கே.ஒய்.எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு அனுப்பினால், அது திருட்டுப் போன் பட்டியலில் இருக்கிறதா என்பது தெரியும். பழைய போன் வாங்கும் யாரும் இதைச் செய்யாமல் காசு கொடுக்கக் கூடாது.

அப்புறம் நோட்ஸைத் திறந்து, மேல் வரிசையை இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை அடியுங்கள். அடுத்தடுத்த வரிசைக்கும் அப்படியே. ஒருமுறை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுகிறதென்றால் தொடுமுனையில் அழுக்கு, துடைத்தால் போகும். ஒரே ஒரு பட்டன் மட்டும் விழவில்லை என்றாலும் பெரும்பாலும் அதே கதைதான். மூன்று நான்கு பட்டன்கள் சேர்ந்தாற்போல் செத்திருந்தால் போனைக் கீழே வைத்துவிடுங்கள். கீபேட் என்பது குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தடங்களின் வலை. ஒவ்வொரு பட்டனும் ஒரு குறுக்குத் தடமும் ஒரு நெடுக்குத் தடமும் சந்திக்கும் புள்ளி. ஒரு தடம் அறுந்தால் அதிலிருக்கும் எல்லாப் பட்டனும் போய்விடும். அந்தச் செத்த பட்டன்கள் வெளியே பார்க்க ஒரே வரிசையில் இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் உள்ளே தடம் போகும் வழி வேறு. ஏ, டி, எல் என்று சம்பந்தமில்லாமல் போயிருக்கிறதே, மூன்று தனித்தனி அழுக்காக இருக்கும் என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம்.

பேட்டரி பி.பி-4எல், 1500 மில்லிஆம்பியர் மணி. நகல் தாராளமாகக் கிடைக்கும். போனில் இருப்பதைக் கழற்றிக் கண்ணாடி மேஜையில் வைத்துச் சுண்டிவிடுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் உப்பியிருக்கிறது, வேண்டாம். சார்ஜர் நோக்கியாவின் மெல்லிய 2 மில்லிமீட்டர் பின். மைக்ரோ யு.எஸ்.பி துளை தரவுக்கு மட்டும்தான், அதில் சார்ஜ் ஏறாது. அதனால் சார்ஜரையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

கீபேடைத் துடைப்பது

சென்னைப் போன்களுக்கு எதிரி கடல் காற்று. உள்ளே திறந்தால் செம்புத் தடங்களில் பச்சை பூத்திருக்கும். டி5, டி6 நட்சத்திர முனைத் திருப்புளி இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டன் விரிப்பைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம், அது வெறும் பிளாஸ்டிக். அதற்குக் கீழே போர்டில் ஒட்டியிருக்கும் குமிழ் ஷீட்டை மட்டும் உரிக்காதீர்கள். ஒருமுறை உரித்தால் பசை போய், குமிழ்கள் இடம் மாறி, நல்ல பட்டனும் கெட்டுப்போகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, ஷீட்டின் ஓரமாகவும் காற்றுத் துளை இருக்கும் இடங்களிலும் தடவிவிட்டு, அந்தப் பட்டனைப் பலமுறை அழுத்திவிடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். துருப்பிடித்த கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே ஆகவே ஆகாது. எங்கள் கடையில் அதுவும் விற்கிறோம், இருந்தாலும் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் மூடுவதற்கு முன் ஒரு ராத்திரி அரிசி டப்பாவில் போடாமல், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். அரிசியில் போட்டால் மாவுதான் உள்ளே போகும்.

ஜாரை ஏற்றுவது

சிம் போடாமல் ஆரம்பியுங்கள். வலையில் கிடைக்கும் பழைய ஜார் கோப்புகளில் ரகசியமாக எஸ்.எம்.எஸ் அனுப்பிக் காசு பிடுங்குபவையும் உண்டு. தவிர, ஜியோ சிம் இதில் எடுக்கவே எடுக்காது, அது 4ஜியிலிருந்தே ஆரம்பித்த வலை. ஏர்டெல் 2ஜியில் பேச முடியும். வலைத்தளம் பார்ப்பது நடக்காத காரியம், இன்றைய பாதுகாப்பு நெறிமுறை இந்தப் போன்களுக்குத் தெரியாது. இதை வலையில் சேராத கருவியாகவே வைத்துக்கொள்வது நிம்மதி.

ஜாரை மெமரி கார்டில் போட்டு, ஃபைல் மேனேஜரில் திறந்தால் நிறுவிக்கொள்ளும். சான்றிதழ் காலாவதி என்று அடம் பிடித்தால், போனின் தேதியை அந்த நிரல் வந்த வருஷத்துக்கே பின்னோக்கித் தள்ளி நிறுவிவிட்டு, திரும்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஓடும்போது ஒவ்வொரு கோப்பைத் தொடும்போதும் "அனுமதிக்கலாமா?" என்று கேட்டு உயிரை எடுக்கும். அப்ளிகேஷன் மேனேஜரில் அந்த நிரலின் அமைப்புக்குள் போய், முதல் முறை மட்டும் கேட்கும் வசதி இருந்தால் அதற்கு மாற்றுங்கள். கையொப்பமில்லாத நிரலுக்கு அதற்கு மேல் சலுகை எதிர்பார்க்க முடியாது.

கேம் போட்டால் திரை பாதி வெட்டுப்படுகிறதா? இ63-இன் திரை படுக்கைவாட்டில் 320க்கு 240. அன்றைய கேம்களில் பெரும்பாலானவை நிமிர்ந்த 240க்கு 320 திரைக்கு வெட்டியவை. கோப்பின் பெயரிலேயே அளவு இருக்கும், 320 முன்னால் வருவதைத் தேடுங்கள்.

பட்டனுக்கும் ஜாவாவுக்கும் உள்ள தகராறு

போர்ட்டிங் காலத்தில் எங்களை அதிகம் அழவைத்தது இதுதான். ஜாவாவில் பட்டனை அழுத்தினால் நிரலுக்கு ஓர் எண் போகும். 0 முதல் 9 வரையிலான எண் பட்டன்களுக்கு 48 முதல் 57 வரை என்று விதி இருக்கிறது. மற்றதெல்லாம் அவரவர் இஷ்டம். திரைக்குக் கீழே இருக்கும் இடது மெனு பட்டனுக்கு நோக்கியாவில் மைனஸ் 6, மோட்டோரோலாவில் மைனஸ் 21, சீமென்ஸில் மைனஸ் 1. நோக்கியாவில் மைனஸ் 1 என்றால் மேல் அம்பு! சீமென்ஸுக்குச் செய்ததை அப்படியே நோக்கியாவில் போட்டால், மேலே போகச் சொன்னால் மெனு திறக்கும்.

கீபோர்டு போன்கள் வந்ததும் இன்னொரு கூத்து. பன்னிரண்டு பட்டன் போனுக்கு எழுதிய கேம் 2, 4, 6, 8-ஐ எதிர்பார்க்கும். இ63-இல் டி (டைகரின் டி) பட்டனின் மேல்தான் 2 அச்சிட்டிருக்கும், ஆனால் அழுத்தினால் போவது சின்ன டி எழுத்தின் எண் 116. கேம் கண்டுகொள்ளாது. ஃபங்ஷன் பட்டனை இரண்டு முறை தட்டினால் எழுத்துக்குப் பதில் எண்களே விழும்படி பூட்டிக்கொள்ளும், பெரும்பாலான கேம்கள் அப்புறம் ஒழுங்காகக் கேட்கும். ஜி-தான் 5. அதைச் சுற்றி மேலே டி, கீழே பி, இடம் எஃப், வலம் எச். பிளாக்பெரியில் இது இடது பக்கம் தள்ளி, டி என்ற ஐந்தைச் சுற்றி இருக்கும். அங்கே ஐந்து என்பது டாக்கின் டி, டைகரின் டி அல்ல.

சொந்தமாக எழுதுகிறவர்களுக்கு: எழுத்தையும் எண்ணையும் ஒன்றாகவே பாவியுங்கள், 116 வந்தாலும் 50 வந்தாலும் ஒரே வேலை நடக்கட்டும். உரையை உள்ளிட, படம் வரையும் பரப்பான கேன்வாஸில் நீங்களே பெட்டி வரைந்து கஷ்டப்பட வேண்டாம். ஜாவாவே தரும் ஃபார்ம் ஒன்றில் டெக்ஸ்ட்ஃபீல்டு என்ற உள்ளிடும் பெட்டியைப் போட்டால் ஷிஃப்ட், ஃபங்ஷன், குறியீடு எல்லாவற்றையும் போனே பார்த்துக்கொள்ளும். எண்ணிக்கை அடிக்கும் பெட்டிக்கு நியூமரிக் என்ற கட்டுப்பாட்டைப் போடுங்கள், ஃபங்ஷன் பட்டனைத் தொடாமலே எண்கள் விழும். சரக்குக் குறியீட்டுப் பெட்டிக்கு நான்-பிரெடிக்டிவ் போடுங்கள். இல்லையென்றால் நீங்கள் அடித்த குறியீட்டைப் போன் ஆங்கில வார்த்தையாகத் திருத்திவிடும். என் குடோன் நிரலில் வேகம் கூடியது இந்த இரண்டு சொல்லால்தான்.

எழுதியதைப் போனில் ஓடும் நிரலாகத் தொகுக்க (கம்பைல் செய்ய), ஜாவா கருவித்தொகுப்பான ஜே.டி.கே-யில் 8 வரைதான் உதவும். இலக்கு 1.3 என்று சொல்லித் தொகுக்க வேண்டும், 9-இலிருந்து அந்தப் பழைய இலக்கை எடுத்துவிட்டார்கள். சன் நிறுவனத்தின் வயர்லெஸ் டூல்கிட் 2.5.2-இல் தேவையான நூலகங்கள் இருக்கின்றன. போன் ஏற்கும்படி முன்கூட்டியே சரிபார்க்கும் வேலையை புரோகார்டு என்ற கருவியின் மைக்ரோஎடிஷன் விருப்பம் செய்துவிடும். தரவைப் போனுக்குள் ஜாவா சேமிக்கும் இடமான ரெக்கார்டு ஸ்டோரில் வைத்து, சாயங்காலம் கோப்புகளைத் தொட உதவும் ஜே.எஸ்.ஆர் 75 வழியாக கார்டில் சாதா உரைக் கோப்பாக எழுதிவிடுங்கள். கடைக் கணினியில் எக்செல் அதைத் திறக்கும்.

தமிழ் வேண்டுமென்றால்

எங்கள் குடோனைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்குத் தாழ்ப்பாள், கீல், திருகாணி என்று தமிழில் இருந்தால்தான் வசதி. தமிழ் எழுத்துரு இல்லாத போனில் யூனிகோடு அனுப்பினால் சதுரப் பெட்டி வரிசைதான் தெரியும். அதற்கு எழுத்துகளைப் படமாக வரைந்து ஒட்ட வேண்டும்.

247 எழுத்துக்கும் படம் தேவையில்லை. ஒவ்வொரு மெய்க்கும் அகர வடிவம், புள்ளி வைத்தது, இ, ஈ, உ, ஊ ஏறியது என்று ஆறு வடிவம். 18 பெருக்கல் 6, ஆக 108. அதோடு உயிர் 12, ஆய்தம், பிறகு கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி. எல்லாவற்றையும் ஒரே பி.என்.ஜி படத்தில் அடுக்கி, எது எங்கே தொடங்குகிறது, எவ்வளவு அகலம் என்று ஒரு பட்டியல் வைத்து, டிராரீஜன் கட்டளையால் வெட்டி வெட்டி வரையலாம். கவனிக்க வேண்டியது கொம்பு. யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு. வரையும்போது கொம்பு முதலில் வர வேண்டும். "கொ"வில் கொம்பு முன்னால், கால் பின்னால், க நடுவில்.

உள்ளிடுவதற்குத் தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 அமைப்புதான் சிறந்தது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்பதால் இரண்டு கட்டைவிரலும் மாறி மாறி ஓடும். ம-வை இருமுறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். ஆனால் அது முழுக் கீபோர்டுக்குச் செய்தது. ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் அடைப்புக்குறி, அரைப்புள்ளி மாதிரியான பட்டன்களில் உட்கார்ந்திருக்கின்றன. குட்டிக் கீபோர்டில் அந்தப் பட்டன்களே கிடையாது. நான் செய்த ஏற்பாடு: ஔ வரும் இடத்தை ச-வுக்குக் கொடுத்துவிட்டேன், ஹார்டுவேர் கடையில் ஔவுக்கு வேலையில்லை. நிறுத்தற்குறிப் பட்டன் ஒன்று ய-வுக்கு. ன-வை அழுத்திப் பிடித்தால் ந, ல-வைப் பிடித்தால் ழ, ங-வைப் பிடித்தால் ஞ. அழுத்திப் பிடிப்பதைக் கண்டுபிடிக்க, பட்டனை விடாதவரை போன் நிரலுக்கு அனுப்பும் கீரிபீட்டட் அறிவிப்பு உதவும். எல்லாப் போனும் அதை அனுப்புவதில்லை, ஹேஸ்ரிபீட்ஈவன்ட்ஸ் என்று கேட்டுப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் அழுத்திய நேரத்தையும் விட்ட நேரத்தையும் கழித்துக் கணக்கிடுங்கள்.

தட்டும்போது விரலின் சதையால் அழுத்தாதீர்கள், பக்கத்துப் பட்டனும் சேர்ந்து அமுங்கும். கட்டைவிரலின் நகத்தை ஒட்டிய நுனிதான் சரியான இடம். போனை உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்காமல் நாலு விரலும் தாங்கினாற்போல் வைத்தால், இரண்டு கட்டைவிரலும் நடு வரிசை வரை சிரமமில்லாமல் எட்டும். ஒரு கையால் அடிப்பதென்றால் நீளமான பெயர்களை விட்டுவிட்டு, இரண்டெழுத்துக் குறியீடாக மாற்றிக்கொள்வது நல்லது. எங்களிடம் தாழ்ப்பாள் "தா", கீல் "கீ".

ரிச்சி ஸ்ட்ரீட்டில் அடுத்த முறை போகும்போது போர்டு செத்த இ63 ஒன்று கண்ணில் பட்டால் அதையும் வாங்கிப் போட்டுவிடுங்கள், எடைக்குப் போடும் விலைக்கே தருவார்கள். பட்டன் விரிப்பு, பேட்டரி மூடி, திருகுகள் எல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வாங்கும் முன் அதன் பட்டன்களையும் நாலு மூலையில் அழுத்திப் பாருங்கள்.